பதினோரு இதயங்கள் திரும்பிய கதை

முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சின் இதயம் இரண்டாம் நாள் வாக்கில் ஒரு பக்கமாக வளையும். எந்தப் பக்கம் என்று அந்த ஆராய்ச்சி நிலையத்தில் மாடிப்படி துடைப்பவரைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்: வலப்பக்கம். நான்கு வருஷமாக அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி எல்லோர் காதிலும் அதை ஓதிக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை தவறாமல் இரண்டு அட்டை முட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறி வருவாள். அதனால் அவளுக்கு முட்டைக்காரி என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, கேலி செய்யும் சுகம் அவருக்குக் கிடைக்கவில்லை. மறுநாளே அவள் அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதித் தன் அலமாரிக் கதவில் ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

அந்த முட்டைகளைப் படமாக்கித் தந்தவர் படக்காரர். நாற்பத்தாறு வயது, லேசான தொப்பை, நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை அவருடைய ராஜ்யம். உள்ளே ஒரு நுண்ணோக்கி, இரண்டு கணினி, சுழலும்போது முனகுகிற ஒரு நாற்காலி. கதவில் அவர் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு: 'கதவை அறையாதீர்கள். படம் ஆடும்.' பேராசிரியர்கள்கூடப் பூனைபோல வந்துபோவார்கள். முட்டைக்காரிக்கு மட்டும் அது ஏறாது. சந்தோஷமானாலும் கோபமானாலும் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுத்தான் போவாள்.

"கதவு!" என்று உள்ளேயிருந்து இவர் கத்துவார்.

"சாரிண்ணா!" என்று மாடிப்படியிலிருந்து பதில் வரும்.

அந்தச் சத்தத்தில் ஆடிப்போன படத்தை அவர் மறுபடி எடுக்கவேண்டியிருக்கும். முணுமுணுத்துக்கொண்டே எடுப்பார். அவருக்குத் தங்கை இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் கதவைச் சாத்தியிருப்பாள் என்று ஒருமுறை மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு நேரம் இருக்காது. நுண்ணோக்கி அந்தக் கடுகளவு இதயத்தை ஒளியால் சீவும். கத்தி படாது, துளி காயமும் இருக்காது. ஓர் இதயத்துக்கு முந்நூறு சீவல். ஒவ்வொரு சீவலும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். முந்நூறையும் மென்பொருளில் ஏற்றினால் அது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முழு இதயத்தைத் திரையில் எழுப்பி நிறுத்தும். அதைச் சுற்றிக் கேமரா எப்படிப் போகவேண்டும், எந்த வினாடியில் திரும்பவேண்டும், எங்கே உள்ளே நுழையவேண்டும் என்று படக்காரர் குறித்துக் கொடுப்பார். கணினி பகல் முழுக்க முக்கி முனகி, ஆயிரம் காட்சிகளை வரைந்து கோத்து, நாற்பது வினாடிப் படம் ஒன்றைக் கையில் தரும். சினிமா எடுப்பதுதான் இதுவும். நடிகர் தொல்லை மட்டும் கிடையாது.

இதில் வரிசைதான் உயிர். உங்கள் இடக்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, அதை இப்படி மெல்லிய தகடுகளாகச் சீவியதாக வைத்துக்கொள்ளுங்கள். தகடுகளை அடியிலிருந்து மேலாக வரிசை மாற்றி அடுக்கினால் விரல்கள் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆனால் புறங்கை கீழே போய் உள்ளங்கை மேலே வந்துவிடும். அதாவது, உங்கள் இடக்கை வலக்கையாகிவிடும். பார்ப்பவர் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு அழகான கையாக இருக்கும்.

அதற்காகவே கணினித் திரையின் நெற்றியில் படக்காரர் இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'எப்போதும் மேலிருந்து கீழே.' பதினெட்டு வருஷமாக அப்படித்தான். அந்த ஒரு நாளைத் தவிர.

முட்டைக்காரியின் ஆராய்ச்சி ஒரு பூச்சி மருந்தைப் பற்றியது. தண்ணீரில் கலந்துவிடுகிற அந்த மருந்து கருவிலிருக்கும் இதயத்தை ஏதாவது செய்கிறதா என்பது கேள்வி. மூன்று வருஷம் ஒன்றும் செய்யவில்லை. அவளும் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துச் சலித்துவிட்டாள். பேராசிரியர் வேறு தலைப்புக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில், கடைசி முயற்சியாகப் பதினோரு முட்டைகளுக்கு இரட்டிப்பு அளவு ஏற்றினாள். பதினோரு இதயங்களும் இடப்பக்கம் திரும்பியிருந்தன.

அன்றைக்கு அவள் திரையைப் பார்த்ததும், "அண்ணா, திரும்பிடுச்சு. அண்ணா, எல்லாமே திரும்பிடுச்சு!" என்று அவர் நாற்காலியை அவரோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். ஓடும்போது கதவை அவள் அறைந்த அறையில் அறிவிப்புச் சீட்டே கழன்று விழுந்தது. படக்காரர் கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் அறையில், தன் கையால் எடுத்த படத்தில் ஒரு கண்டுபிடிப்பு பிறந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அது நடந்து பதினான்கு மாதம். ஆய்வேடு எழுதி முடித்தாயிற்று. எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது அவள் வந்தாள்.

"அண்ணா, பெரிய ஹால். திரை சுவர் அளவுக்கு இருக்கு. பழைய படத்தப் போட்டா மங்கலாத் தெரியும். அந்தப் பதினொண்ணுல நல்லதா ஒண்ண எடுத்துப் புதுசாப் பண்ணிக் குடுங்களேன்."

"பண்ணிட்டாப் போச்சு."

"அம்மா வர்றாங்க. இதுவரைக்கும் நான் என்ன பண்றேன்னே அவங்களுக்குப் புரிஞ்சதில்ல. இந்தப் படத்தப் பாத்தாப் புரியும்."

புதிதாகச் செய்வதற்கு மூலக் கோப்புகளைத் திறக்கவேண்டும். திறந்தார். ஒவ்வோர் அடுக்கோடும் நுண்ணோக்கி ஒரு குறிப்பு எழுதிவைக்கும்: தேதி, நேரம், எத்தனை சீவல், சீவலுக்குச் சீவல் எத்தனை தூரம் இறங்கியது. அதை யாரும் படிப்பதில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை யார் படிக்கிறார்கள்? படக்காரர் அன்று தூரத்தின் அளவு வேண்டியிருந்ததால் படித்தார். எண் சரியாக இருந்தது. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தது.

இறங்கவில்லை, ஏறியிருக்கிறது.

தேதியைப் பார்த்தார். மதியம் இரண்டு பத்து. எல்லாம் ஒரே மூச்சில் நினைவுக்கு வந்துவிட்டது.

அவர் மனைவி வேலை விஷயமாக மூன்று மாதம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பிய நாள் அது. ஐந்து மணிக்கு ரயில். ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். மருந்து போடாத முட்டைகளைக் காலையிலேயே ஒழுங்காக மேலிருந்து கீழே எடுத்து முடித்திருந்தார். மதியம் மருந்து முட்டைகள் பதினொன்று பாக்கி. வழக்கமாக முதலில் அடிக்கண்ணாடியில் பார்வையை நிறுத்துவார். பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறி உச்சியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சீவிக்கொண்டே இறங்குவார். அந்த ஏற்றத்துக்கு முட்டைக்கு நாலு நிமிஷம். அடியிலிருந்தே ஆரம்பித்தால் பதினோரு முட்டைக்கு நாற்பத்து நாலு நிமிஷம் மிச்சம். அடுக்கும்போது மென்பொருளில் 'வரிசையைத் திருப்பு' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அன்று அவர் சரியான நேரத்துக்கு ஸ்டேஷனில் இருந்தார். மனைவி அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. மறுநாள் டிக் மறந்துபோயிற்று.

இப்போது அந்தக் கட்டத்தில் டிக் போட்டார். இதயம் ஒரு துள்ளுத் துள்ளி வலப்பக்கம் வளைந்து நின்றது. அடுத்ததற்குப் போட்டார். அதுவும் வலம். பதினொன்றும் வலம், ஒன்றுகூட விடாமல். மருந்து எதையும் திருப்பவில்லை. அவர்தான் திருப்பியிருக்கிறார்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அவருக்கு முதலில் வந்தது பயம். யாராவது பார்த்துவிட்டார்களா என்று கதவைத் திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போய்க் கையைக் கழுவினார். கழுவுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் அவளுடைய நாலு வருஷம் அவர் தலையில் வந்து இறங்கியது.

சொல்லத்தான் நினைத்தார். மறுநாள் தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் அவளைப் பிடித்தார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்று தொடங்குவதற்குள், "நான்தான் முதல்ல சொல்வேன்" என்று அவள் கைப்பேசியை நீட்டினாள். ஆய்வேட்டின் முதல் பக்கம். நன்றி தெரிவித்தவர்கள் பட்டியலில் பேராசிரியருக்கும் மேலே அவர் இருந்தார். 'இந்த ஆய்வின் கண்கள்' என்று எழுதியிருந்தாள்.

"என்னண்ணா சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. படம் ஒரு வாரம் ஆகும்."

"ஆகட்டும். நீங்க பண்ணா அதுல பாக்க என்ன இருக்கு?"

அடுத்த முறை அவள் அறை வாசல் வரைக்கும் போனார். உள்ளே பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று திரும்பி வந்தார். அந்த 'அப்பாடா'வை நினைத்தால் அவருக்கு இன்றும் உடம்பு கூசும்.

வீட்டில் மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் மனைவி தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

சொன்னார். வரிசை, டிக், கழித்தல் குறி, பதினொன்று எல்லாவற்றையும். எதற்காக அவசரப்பட்டார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். அவள் தேதியைக் கேட்டாள். தேதியைச் சொன்னதும் அவளே கணக்குப் போட்டுவிட்டாள்.

"அன்னிக்கு நான் வந்தேனே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏங்க, நான் முக்கால் மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தாத் தேஞ்சா போயிருப்பேன்? ஒரு போன் பண்ணியிருந்தா ஏதாவது வாங்கிக் கொறிச்சிட்டு உக்காந்திருப்பேனே." அவள் குரல் உடைந்துவிட்டது. "அந்தப் பொண்ணோட நாலு வருஷம் பாழானதுல என்னையும் சேத்துவிட்டுட்டீங்களே."

"உன் மேல என்ன தப்பு?"

"என் மேல இல்ல. இருந்தாலும் இனிமே அந்த நாள நெனச்சா இதுதானே ஞாபகம் வரும்." தட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். "நாளைக்கே போய்ச் சொல்லுங்க. அவ திட்டுவா, அழுவா, எதையாவது தூக்கிக்கூட எறிவா. வாங்கிக்குங்க. நாள் தள்ளத் தள்ள அது உங்க தப்பா இருக்காது, திருட்டாயிடும்."

நாளை என்றாள். நாளைக்கு அவர் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. படம் வரையத் தொடங்கவேண்டிய கடைசி நாள் வந்துவிட்டது. அப்போதுதான் படக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். மென்பொருளைத் திறந்து, 'வரிசையைத் திருப்பு' கட்டத்தில் டிக் போட்டு, சரியான இதயத்தை வைத்துப் படத்தை ஓடவிட்டார்.

தப்பான படத்தை இரண்டாவது முறை தெரிந்தே எடுக்க அவர் கை வரவில்லை. அதுவரை சரி. ஆனால் இதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு கணக்கும் அவருக்குத் தெரியும். படத்தைக் கொடுத்தால் அவள் வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பாள். இதென்ன வலப்பக்கம் வளைகிறது என்று அவளே ஓடிவந்து கேட்பாள். கேட்டால் பதில் சொல்வது சுலபம். வாயால் சொல்ல வேண்டியதைக் கணினியின் தலையில் கட்டிவிட்டு, அவர் சுழல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பகல் முழுக்க இயந்திரம் காட்சி காட்சியாக உண்மையை வரைந்துகொண்டிருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் நான்கு மணிக்குப் படத்தைக் கொடுத்தார்.

"ஒரு தடவ போட்டுப் பாத்துரும்மா."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"நான் பாத்தேன். இருந்தாலும் நீ ஒரு தடவ..."

"நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதாண்ணா. எனக்கு இன்னும் பேச்சே மனப்பாடம் ஆகல, ஒரே உதறல். அம்மாவ வேற கூட்டிட்டு வரணும்." பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கதவு அறைந்தது. "சாரிண்ணா!" என்ற குரல் படியிறங்கிப் போயிற்று.

அன்று ஏழு மணிவரை அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அடிக்கவில்லை. அவருக்கு அவள் எண் தெரியும். அவரும் அடிக்கவில்லை.

மறுநாள் மேடையை ஒட்டிய ஹால் வாசலில் ஓர் அம்மாள் அவரை வழிமறித்தார். மெலிந்த உடம்பு, புதுச்செருப்பு கடித்த கால். அம்மா தையல் வேலை செய்பவர் என்று முட்டைக்காரி சொல்லியிருக்கிறாள்; ஆள்காட்டி விரல் நுனியெல்லாம் ஊசித் தடம்.

"தம்பி, நீங்கதான படம் எடுக்கிற அண்ணன்?"

"ஆமாம்மா."

அவர் கையை அந்த அம்மாள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போன்ல பேசுனா பாதி உங்க பேச்சாத்தான் இருக்கும். நடுவுல ஒருதரம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்துர்றேன்னு அழுதா. அப்புறம் உங்க படத்தப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சா. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது தம்பி. ஆனா எம்பிள்ளைய நிக்க வச்சது நீங்கதான்னு தெரியும்."

இதுதான் கடைசி வாய்ப்பு. பத்தடி தூரத்தில், மேடையில், முட்டைக்காரி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி நடந்து காதோடு நாலு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மாள் கையை விடவில்லை என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் எப்போதோ விட்டுவிட்டார். இவர்தான் நகரவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

அவள் நன்றாகப் பேசினாள். உதறலெல்லாம் முதல் இரண்டு நிமிஷத்தோடு சரி. முட்டை, ஊசி, அளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், நரைத்த புருவத்தோடு, தலையை ஆட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார். "இப்ப நீங்க பாக்கப்போறது இரட்டிப்பு மருந்து வாங்கின இதயம். வளைவு இடது பக்கம் போறத கவனிங்க" என்றாள் அவள். விளக்குகள் அணைந்தன.

சுவர் அளவுத் திரையில் இதயம் எழுந்தது. கேமரா முதுகுப் பக்கத்திலிருந்து மெல்லச் சுற்றி முன்னால் வந்தது. இருபதாவது வினாடியில் வளைவு தெரியும்படி அவர்தான் வைத்திருந்தார். இருபது வந்தது. இதயம் வலப்பக்கம், பச்சைக் குழந்தைக்கும் தெரிகிற மாதிரி வலப்பக்கம் வளைந்து நின்றது. கேமரா நிதானமாக அதற்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து, ஓய்ந்தது. படக்காரர் பதினெட்டு வருஷத்தில் எடுத்ததிலேயே அழகான படம் அது.

விளக்கு எரிந்தது. முன்வரிசையிலிருந்து ஒரே ஒருவர் மட்டும் கைதட்டினார். அம்மாதான். தன் பெண்ணின் வேலை கடைசியில் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் கை வலிக்கத் தட்டினார். யாரும் சேரவில்லை என்று தெரிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க இடதுன்னு சொன்னீங்க" என்றார் தேர்வாளர். குரலில் கடுமை இல்லை. "எனக்கு வலதாத் தெரியுதே?"

"இன்னொரு தடவ போடலாமா சார்?" என்றாள்.

போட்டாள். திரையின் அருகே போய் அண்ணாந்து பார்த்தாள். இருபதாவது வினாடியில் அவள் தோள் லேசாக இறங்கியதைக் கடைசி வரிசையிலிருந்து படக்காரர் பார்த்தார். அவள் திரும்பி ஹால் முழுக்கத் தேடி அவரைக் கண்டுபிடித்தாள். அவர் முகத்தில் என்ன இருந்ததோ, அதைப் படித்துவிட்டாள்.

படக்காரர் எழுந்தார். பாதிதான் எழுந்தார்.

"பின்னால யாரோ ஏதோ சொல்ல வர்றாங்க போலிருக்கே?" என்றார் தேர்வாளர்.

அத்தனை தலையும் திரும்பியது. "ஒண்ணுமில்லைங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். "சார், இந்தப் படத்த எடுத்தவர் தப்பான படம் தர மாட்டார். அது எனக்கு நிச்சயமாத் தெரியும். அப்போ இந்தப் படம் சரின்னா, ஆய்வேட்டுல நான் எழுதினது தப்பு. அடுக்கு வரிசை எங்கேயோ மாறியிருக்கு. மூலக் கோப்ப நான் திறந்து பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு." திரையை அணைத்தாள். "இந்தத் தேர்வ நான் இதோட நிறுத்திக்கறேன்."

அழவில்லை. காகிதங்களை அடுக்கிக்கொண்டு இறங்கிப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்று அம்மா கேட்பதும், ஒன்றுமில்லை என்று அவள் தலையசைப்பதும் தெரிந்தது.

படக்காரர் அன்று மதியமே பேராசிரியர் அறைக்குப் போனார். இனி போவதற்குத் தைரியம் வேண்டியதில்லை என்பதால் போக முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"ஒன்பது நாள் முன்னாடி."

"ஒன்பது நாள்" என்றார் பேராசிரியர். "ஒன்பது நாள்ல நாங்க தேதியத் தள்ளி வச்சிருக்கலாம். தலைப்ப மாத்தியிருக்கலாம். மருந்து ஒண்ணும் பண்ணாதுங்கறதும் ஒரு முடிவுதான்யா, அத வச்சே ஏதாவது எழுதியிருக்கலாம். அத்தன பேர் முன்னாடி அந்தப் பொண்ணு நின்னிருக்க வேண்டாம்." பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். தாள் ஒரு ஃபைலுக்குள் போயிற்று. வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்டனை ஏதாவது வந்திருந்தால் அதைச் சுமந்துகொண்டாவது நடந்திருப்பார்.

வெளியே வந்தபோது நடைபாதையில் முட்டைக்காரி நின்றிருந்தாள். அம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வந்திருக்கிறாள்.

"மன்னிச்சிரும்மா" என்றார். "நேத்தே நீ போட்டுப் பாப்பேன்னு நெனச்சேன். பாத்தா நீயே கேப்பேன்னு..."

"எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். சத்தம் போடவில்லை. "தப்பு யாருக்கும் வரும். நானும் எத்தன முட்டைய உடைச்சிருக்கேன். எங்கிட்ட வாயத் திறந்து சொல்லியிருக்கணும். சுவர்ல போட்டுக் காட்டியிருக்கக் கூடாது." பாட்டில் நிறைந்து வழிந்தது. மூடிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மாதம் அவள் மூன்றாம் மாடிக்கு வரவில்லை. பிறகு ஒரு வருஷ நீட்டிப்புக் கிடைத்தது. மருந்து வேறு, கேள்வி வேறு, முட்டை மட்டும் அதே முட்டை. ஒரு திங்கட்கிழமை மதியம், முட்டையிலிருந்து எடுத்த கருக்களைப் பதினோரு கிண்ணங்களில் வைத்த தட்டோடு அவர் அறைக்குள் வந்தாள். முன்பெல்லாம் தட்டை வைத்துவிட்டு, "நீங்க பாத்துக்குங்கண்ணா, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று ஓடிவிடுவாள். இன்று ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

அவர் முதல் கிண்ணத்தை வைத்தார். அடிக்கண்ணாடியில் பார்வையை நிறுத்தினார். மெல்ல மேலே ஏறினார். நாலு நிமிஷம்.

"மேலேருந்தா, கீழேருந்தா சார்?" என்றாள்.

அவர் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. நாலு வருஷத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. கேலி இருக்கிறதா என்று தேடினார், இல்லை. கோபம் இருக்கிறதா என்று தேடினார், அதுவும் இல்லை. ரயில் நிலையத்தில் தெரியாத ஒருவரிடம் வண்டி எந்த மேடைக்கு வரும் என்று கேட்கிற மரியாதை இருந்தது.

"மேலேருந்து" என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள். இரண்டாவது கிண்ணத்துக்கும் கேட்டாள். மூன்றாவதுக்கும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது போலவே கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னார். பதினொன்றாவது முடிந்ததும் குறிப்புக் கோப்புகளைத் திறந்து காட்டச் சொன்னாள். எண்ணுக்கு முன்னால் எந்தக் குறியும் இல்லை என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"தேங்க்ஸ் சார்" என்று தட்டை எடுத்துக்கொண்டாள்.

படக்காரர் முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தார். கதவு அறையும், 'கதவு!' என்று கத்தவேண்டும், அவள் படியிலிருந்து ஏதாவது சொல்வாள் என்று தொண்டையைத் தயாராக வைத்திருந்தார். சத்தமே வரவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது.